அக்காவின் இடது கன்னம்

ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த நாம் கூடும்போதெல்லாம் பேச்சு தோட்டத்துக்குத்தான் போகிறது. யாராவது ஒருவர் மழைக்காலத்தை எடுப்பார். பால் வெட்டு இல்லாத நாட்கள், லயத்து வாசலில் முழங்கால் அளவு தண்ணீர், மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றது என்று போகும். எல்லாரும் சிரிப்பீர்கள். நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். போன மாதம் உங்களில் ஒருத்தி கேட்டாள், "மழைப் பேச்சு வந்தாலே நீ ஏன் எழுந்து ஓடுற?" என்று. அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்தாகிவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. எழுபதுகளின் நடுப்பகுதி. ஈப்போ பக்கம், கோப்பெங்கிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் வரும் தோட்டம். அம்மா பால்மரம் வெட்டினாள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அப்பா ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை. அவர் வீட்டுக்குள் வந்தாலே புகையும் ஆசிட்டும் கலந்த வாடை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார்.

அக்காவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் மணி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாளே, அவள்தான். வீட்டைப் பெருக்குவாள், துணி துவைப்பாள், அம்மாவின் பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவி அளவு பார்த்து அடுக்குவாள். ஒரு மங்கை நான் இடம் மாற்றி வைத்தால் மொத்தத்தையும் கலைத்து முதலிலிருந்து அடுக்குவாள். பேச்சு மட்டும் நம்மைப் போல வராது. "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டியா?" என்பாள். கேட்டது அப்படியே திரும்பி வரும். தானாகப் பேசினால் ரேடியோ அறிவிப்பாளர் பேசுவது போலப் பேசுவாள். "நேயர்களே, இப்போது நேரம் காலை ஆறு மணி." குரல், இழுப்பு, நிறுத்தம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கும் அவளுக்குக் காலை ஆறு மணிதான்.

இன்றைக்கு மூன்று வயதுப் பிள்ளைக்கே பார்த்துப் பெயர் சொல்லிவிடுகிறார்கள். ஆட்டிசம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்தவை இரண்டே வார்த்தைகள், மக்கு, பைத்தியம். அந்த மழைக்காலம் வரை அக்காவை மக்கு என்றார்கள். அதற்குப் பிறகு மற்றது.

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் லீவு விடும் சமயம். மழை நிற்காமல் பெய்தது. ஒரு நாள் காலையில் அக்கா தட்டைத் தள்ளிவிட்டாள். அடுத்த நாளும் சோற்றைத் தொடவில்லை. நீராகாரம் மட்டும் தலையைச் சாய்த்துக் குடித்தாள். மூன்றாம் நாள் வாசல் தூணில் போய்த் தலையை இடிக்க ஆரம்பித்தாள். இழுத்து வந்து உட்கார வைத்தால் கையால் அடித்துக்கொள்வாள். அலறல் வேறு. அவள் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது எங்களுக்கே தெரியாது. மழைக்கு எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம். லயத்தில் பத்து வீட்டுக்கும் ஒரே சுவர்தானே. பக்கத்து வீட்டுக்காரி முதல் இரண்டு நாள் ரசம் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் அவளும் வேலிப்பக்கம் நின்று, "எங்க பச்சப் புள்ள தூங்க மாட்டேங்குதுக்கா. ஏதாச்சும் பாருங்கலா" என்றாள்.

பெரியப்பா ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார். அவர் வேப்பிலை அடித்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, முகத்தில் திருநீற்றை வீசினார். அது அக்காவின் கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினார்கள். மறுநாள் அதைக் கடித்து அறுக்கப் பார்த்தவள், பாதியில் விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

இன்னொன்றையும் நான் பார்த்தேன். பொதுக் குழாயடியில் ஒரு சிமெண்டுத் திட்டு இருக்கும். மழையில் நனைந்து சில்லென்று கிடக்கும். யாரும் இல்லாத நேரத்தில் அக்கா அங்கே குப்புறப் படுத்து இடது கன்னத்தை அந்தச் சிமெண்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அப்போது மட்டும் அலறல் இல்லை. நான் குடத்தோடு நின்று பார்த்தேன். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று இல்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை. பத்து வயதில் எது பெரியது, எது சின்னது என்று யாருக்குத் தெரியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். சமாதானம் ஆனதில்லை.

தோட்டத்து மருந்தகத்தை நடத்தியவரை டிரெசர் என்போம். டாக்டர் மாதத்துக்கு ஒரு தரம் வருவார், மற்ற நாளெல்லாம் டிரெசர்தான். வெள்ளைச் சட்டை, சீவிய தலை, மேசையில் கண்ணாடிப் புட்டிகள். அப்பாவும் அம்மாவும் அக்காவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனார்கள், நான் குடை பிடித்தேன். அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். டிரெசர் மேசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு நாளா ஐயா" என்றார் அப்பா.

"சொந்தத்துல யாருக்கும் இந்த மாதிரி இருந்துச்சா?"

"இல்லீங்க."

"பதினஞ்சு வயசு ஆச்சு. இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு இந்த வயசுலதான் வெளிய வரும்" என்றவர் தூக்க மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். எழுந்து வரவில்லை, அவளைத் தொடவில்லை. அவரைக் குறை சொல்ல இன்றைக்கு எனக்கு வாய் வருவதில்லை. அவ்வளவு பெரிய தோட்டத்துக்கு ஒரே ஆள், கையில் நாலைந்து மருந்து. ஆனாலும் அந்த மேசையிலிருந்து வாசலுக்கு எட்டே எட்டு அடிதான். நான் பலமுறை மனதுக்குள் அதை நடந்து பார்த்திருக்கிறேன்.

மாத்திரையைக் காப்பியில் கரைத்துக் கொடுத்தாள் அம்மா. அக்கா வாயில் எச்சில் வடியக் கிடப்பாள். விழித்தால் முன்னைவிடக் கூடுதலாக அலறுவாள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். ஈப்போவில் அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கச்சி. லீவுக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். அந்த வயதில் எனக்கு ஈப்போ என்றால் ஐஸ் கச்சாங்கும் மாடி பஸ்ஸும் அத்தை வீட்டு மின்சார விளக்கும். அக்கா இப்படி ஆனதும் அத்தையிடமிருந்து ஆள் வந்தது. இந்த நிலைமையில் வேண்டாம், அடுத்த வருசம் பார்க்கலாம் என்று. பள்ளிக்கூடத்தில் வேறு, லீவுக்கு முந்தின நாள், "பைத்தியத்துத் தங்கச்சி" என்று பின்னால் வந்து பாடினார்கள். எனக்கு அக்கா மேல் அப்படி ஒரு வெறுப்பு. அவள் வீட்டில் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பார்ப்பேன். அந்த நாளில் மழைகூட இருக்காது.

டிரெசர் ஒரு மத்தியானம் லயத்துக்கே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவோடு பேசினார்.

"தஞ்சோங் ரம்புத்தான் மெண்டல் ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி எழுதித் தரலாம். மத்தவங்கள அடிக்கிறாளா? கடிக்கிறாளா?"

"இல்லீங்க. தன்னைத்தான் அடிச்சிக்கிறா."

"அப்படின்னா இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். மழை விட்டா சரியாப் போனாலும் போவும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. பின்வாசல் வழியாகக் குளிக்கிற தகரத் தடுப்புக்குப் போய், என் இடது முழங்கைக்குக் கீழே நானே கடித்தேன். முதல் தடவை தடம் சரியாக விழவில்லை, மறுபடி கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் வசதியாகப் போயிற்று. அழுதுகொண்டே முன்வாசலுக்கு வந்து கையைக் காட்டினேன்.

"அக்கா கடிச்சிட்டா."

அப்பா என் கையைப் பார்த்தார். டிரெசர் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் கையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. அப்புறம் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். டிரெசர் பேனாவைத் திறந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தோட்டத்து வேன் வந்தது. அக்கா ஏறமாட்டேன் என்று சேற்றில் உட்கார்ந்தாள். அப்பா தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "நீ கூப்பிடு. நீ கூப்பிட்டா வருவா" என்றாள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, "நேயர்களே, இப்போது நேரம் காலை ஆறு மணி" என்றேன். அக்கா நிமிர்ந்தாள். மறுபடி சொன்னேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதனால்தான் என்னையும் கூட்டிப்போனார்கள். நான் ஆசைப்பட்ட ஈப்போவை அன்றைக்கு வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். சுண்ணாம்பு மலைகள், கடைத்தெரு, பாலம் எல்லாம் பின்னால் போயின. அக்கா என் தோளில் தலையை இடித்துக்கொண்டே வந்தாள்.

தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைச் சொல்லித்தானே நம்மையெல்லாம் பயமுறுத்தி வளர்த்தார்கள். சங்கிலி இருக்கும், இருட்டு அறை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பெரிய மரங்களும் வெட்டிவிட்ட புல்லும்தான் இருந்தன. நீள வராந்தாவில் பெஞ்சுகள். எங்களுக்கு எதிரே அக்கா வயதில் ஒரு பெண், மடியில் புத்தகப் பை, பக்கத்தில் அவள் அண்ணன். அவள் நன்றாகத் தலை வாரி ரிப்பன் கட்டியிருந்தாள். அக்கா அலறினதற்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் மட்டும் பார்க்கவில்லை. என்னைக் கேட்டாள்.

"இப்பதான் மொத தடவையா?"

தலையாட்டினேன்.

"பயப்படாத. நான் ரெண்டு மாசம் உள்ள இருந்தேன், வீட்டுக்குப் போயிட்டேன். இப்ப மருந்து வாங்க மட்டும் வாரேன். எனக்குக் காதுல ஆளுங்க பேசுவாங்க. மருந்து சாப்பிட்டா கொறச்சலாப் பேசுறாங்க."

"பள்ளிக்கூடம் போறீங்களா அக்கா?"

"நான் போலாம்னுதான் டாக்டர் சொல்லிட்டாரு. பள்ளிக்கூடத்துலதான் வேணாங்கிறாங்க. மத்த புள்ளைங்க பயப்படும்னு." பையைத் திறந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினாள். "நானே போட்டுக்கிட்டு இருக்கேன். சரியா தப்பான்னு பாக்கத்தான் ஆள் இல்ல."

அவள் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டார்கள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தக் கணக்குகள் சரியா தப்பா என்று யாராவது பார்த்தார்களா என்ற நினைப்பு இன்னமும் வந்து போகிறது.

எங்களைப் பார்க்க வந்தது ஒரு சீன மிஸி. நர்ஸ்களை அப்படித்தானே கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும், குட்டையான ஆள். நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட தமிழ் பேசினாள். டிரெசரின் கடுதாசியை வாங்கிப் படித்து இடுப்புப் பையில் வைத்தாள். அப்புறம் ஒன்றும் கேட்காமல் சும்மா நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, தொண்டையைச் செருமினார்.

"இந்தப் பொண்ணு ஏன் ஒரு பக்கம் மட்டும் அடிக்குது?" என்றாள் மிஸி.

"தெரியலங்க மிஸி."

"எப்பவும் இந்தப் பக்கம்தானா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பதினைந்து நாளாக எங்கள் மூன்று பேர் கண்ணுக்கு முன்னால் நடந்தது அது. "இடது பக்கம்தான்" என்றேன். அப்போதுதான் குழாயடிச் சிமெண்டு ஞாபகம் வந்து, அதையும் சொன்னேன்.

மிஸி தரையில் உட்கார்ந்தாள், அக்காவுக்கு நேரே, கை எட்டாத தூரத்தில். "இங்க சக்கிட்டா?" என்று, வலிக்கிறதா என்பதை மலாயில் கேட்டுத் தன் கன்னத்தைத் தொட்டாள்.

"சக்கிட்டா?" என்றாள் அக்கா.

"அவ அப்படித்தான் மிஸி, சொன்னதையே சொல்லுவா" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

மிஸி திரும்பி, "சொன்னதையே சொல்லுமா? அப்ப நல்லதுலா" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்துத் தன் வாயைப் பெரிதாகத் திறந்து, "ஆ" என்றாள். தங்கப் பல் ஒன்று தெரிந்தது.

அக்கா அந்தப் பல்லையே பார்த்தாள். "ஆ" என்றாள், வாய் பாதி திறந்தது. மிஸி மறுபடி. இவளும் மறுபடி. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ வாய் முழுசாகத் திறந்தது. மிஸி தொடவில்லை, குனிந்து பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கே அந்த நாற்றம் அடித்தது. கடைவாயில் ஈறு கறுப்பும் மஞ்சளுமாக வீங்கிப் பல்லை மூடிக்கொண்டிருந்தது.

"பல்லு" என்றாள் மிஸி. "சீழ் புடிச்சிருக்கு. அப்பா, எத்தன நாளு இது சாப்பிடல?"

"பல்லா?" என்றார் அப்பா. பெஞ்சில் உட்கார்ந்தார். மறுபடியும், "பல்லா?" என்றார்.

டாக்டர் வந்து பார்த்தார். இவளை இங்கே படுக்க வைக்க இப்போதைக்குக் காரணம் இல்லை, முதலில் பல், என்று ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அவசரமாக எழுதிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலமே மயக்க மருந்து கொடுத்து இரண்டு பல்லை எடுத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து என்றார்களாம். நான்காம் நாள் அக்கா ஒரு தட்டு சோற்றைத் தின்றுவிட்டு இன்னொரு தட்டுக்குக் கையை நீட்டினாள். அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தாள்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. நீங்களும் சொல்வீர்கள், உன் பொய்தானே அவளை அங்கே கொண்டுபோய்க் காப்பாற்றியது என்று. வேண்டாம், அப்படிச் சொல்லாதீர்கள். நான் அவளைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. அவளை அனுப்பிவிடப் பார்த்தேன்.

கதை அங்கே நிற்கவும் இல்லை. அந்த டாக்டர் இன்னொரு சீட்டும் கொடுத்திருந்தார். இரண்டு மாதம் கழித்துக் கூட்டி வாருங்கள், இந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொன்னால் புரியும், என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று பார்க்கலாம் என்றார். அம்மா அந்தச் சீட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். நாங்கள் போகவே இல்லை. பல் வலிக்காகப் போனோம் என்று யாரும் நம்பவில்லை. வேன் எந்தப் பக்கம் போனது என்பதுதான் லயத்துக்குத் தெரியும். இன்னொரு தடவை போனால் எனக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பெரியப்பா சொன்னார். எனக்குப் பத்து வயது. என் கல்யாணத்துக்காக அக்காவின் சீட்டு படத்துக்குப் பின்னால் கிடந்து பூச்சி அரித்தது.

டிரெசரிடம் அப்பா போய்ப் பல் விஷயத்தைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, தகவல் மாதிரிதான் சொன்னார். அவர் "அவ சொல்லலியே. சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேன்" என்றாராம். அப்பா அதை வீட்டில் வந்து அப்படியே சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடியில் இரண்டு அறை வீட்டில் குடியேறினோம். அப்பா ஒரு பட்டறையில் காவல் வேலைக்குப் போனார். நான் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் சேர்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம், அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. கையைக் கழுவாமலே சொன்னேன். அக்கா கடிக்கவில்லை, நானேதான் கடித்துக்கொண்டேன் என்று.

அம்மா நெத்திலித் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"அவளுக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. உன் கையில இருந்த தடத்துல சந்து இல்ல. சின்ன வாயி வேற. பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு."

"பின்ன ஏம்மா அப்பவே சொல்லல?"

அம்மா இன்னும் நாலைந்து மீனைக் கிள்ளினாள். "எனக்கும் தூக்கம் இல்ல. அவ எங்கயாச்சும் போயிட்டா ஒரு நாளு தூங்கலாம்னு இருந்துச்சு" என்றாள். "பெத்தவ நெனைக்கக் கூடாது. நெனச்சேன்."

நாங்கள் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசியதில்லை. ஆனால் அம்மா மாறிவிட்டிருந்தாள். அது அந்த மழைக்காலத்திலேயே ஆரம்பித்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அக்காவை எந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாலும் உட்காரமாட்டாள். கடுதாசியை நீட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுவாள், "இவ பேச மாட்டா ஐயா. ஆனா இவளுக்கும் வலிக்கும். தொட்டுப் பாருங்க." அக்காவுக்கு இருபத்தைந்து வயதில் வயிற்று வலி வந்தபோது, இந்த மாதிரி ஆட்களுக்கு இப்படித்தான் முரண்டு வரும் என்று ஒரு சின்ன டாக்டர் மாத்திரை எழுதப் போனார். அம்மா அவர் பேனாவின் மேல் கையை வைத்தாள். மரம் வெட்டிக் காய்த்துப்போன கை. "மாத்திரை அப்புறம் எழுதலாம். வயித்தப் பாருங்க" என்றாள். குடல்வால். அன்றைக்கே அறுத்தார்கள்.

அப்பாவும் அம்மாவும் போய்ப் பல வருசம் ஆகிவிட்டது. அக்கா என்னோடுதான் இருக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. இப்போது நாங்கள் போகும் இடத்தில் ஓர் இளம் டாக்டர், நம் பிள்ளைகள் வயதுதான். படங்கள் போட்ட அட்டை வைத்திருக்கிறாள். அக்காவுக்குச் சத்தம் ஆகாது என்று கூட்டம் வருவதற்கு முன்னால் கூப்பிடுகிறாள். ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன்னால் காட்டிவிட்டுத் தொடுகிறாள். பார்க்கும்போது சந்தோசமாகத்தான் இருக்கிறது. கூடவே உள்ளே ஏதோ பிறாண்டுகிறது. இதில் கால்வாசி அன்றைக்கு இருந்திருந்தால் என்று ஆரம்பிக்கும், அப்புறம் வீட்டுக்கு வந்தும் ஓயாது.

போன வாரம் மழை பெய்த ஒரு சாயங்காலம் அக்காவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளிடம் நேராகச் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன், அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுக்குப் புரியாது என்று நானே முடிவு செய்திருக்கிறேன், டிரெசர் மாதிரி.

"அக்கா, அன்னைக்கு நீ என்னைக் கடிக்கல. நான்தான் பொய் சொன்னேன். உன்னை அனுப்பிடணும்னு..."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணி, அவள் குளிக்கும் நேரம். எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நான் எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன். அவள் வெளியே வந்ததும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.